பதினைந்து அங்குலச் சில்லு நான்கு

பாரிஸ் 10
15.11.2022, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் தயாளினிக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் துணையில் நானும் அப்பாவும் சுகம். நீ அந்த மலைக்குளிரில் கழுத்துக்குச் சால்வை சுற்றி, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், சாப்பிடாமல் இதைப் பிரித்திருந்தால் மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வா, கடிதம் ஓடிப்போகாது. கையில் தொலைபேசி இருக்க இந்த மனுசி ஏன் பேனையைத் தூக்கினது என்று யோசிப்பாய். தொலைபேசியில் நீ பாதி பிரெஞ்சிலும் பாதி அவசரத்திலும் கதைக்கிறாய், நான் ஒரு வசனம் முடிக்க முன் உனக்கு அடுத்த நோயாளியின் வாசல் வந்துவிடுகிறது. அதோடு இந்த முப்பத்திரண்டு சதுர மீற்றர் வீட்டில் குசினிக்குள் நின்று குசுகுசுத்தாலும் அப்பாவுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்கக்கூடாத கதை ஒன்று இதில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். பத்து வருடமாய்ச் சனிக்கிழமை சனிக்கிழமை நீ அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும், ஒரு வரி விடாமல் வாசி, நடுவில் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் பாயாதே.

இது உன் கைக்கு வரும்போது உன் காருக்கு நான்கு குளிர்காலச் சில்லும் உன் வாசலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நீ வேண்டாம் என்று சொன்ன அதே சில்லுகள்தான். வேண்டாம் என்ற சாமானை அனுப்பியிருக்கிறாவே என்று சினக்காதே, முதலில் கேள். மன்னார் லூசியனை உனக்குத் தெரியும், கிழமைக்கு ஒருதரம் நம் லாச்சப்பல் கடைத்தெருவில் இருந்து லியோன், சம்பேரித் தமிழ்க் கடைகளுக்கு அரிசி மூட்டையும் மரக்கறியும் வானில் கொண்டுபோகிறவர். இந்த முறை சம்பேரியோடு திரும்பாமல் அல்பேர்வீல் வரைக்கும் வந்து இறக்கித் தர ஒத்துக்கொண்டார், அதற்கு அவருக்கு ஒரு பெரிய போத்தல் ஊறுகாய் கொடுத்திருக்கிறேன், உனக்கும் ஒன்று வருகிறது, அவருடையதை வாங்கிவிடாதே, அது உறைப்புக் கூட. நாளைக்குக் காலை அவர் இந்தக் கடிதத்தையும் கொண்டு வெளிக்கிடுகிறார், வியாழன் காலை உன்னிடம் வருவார். நாளைக்கு அட்டமி. ஓம், நானேதான் சொல்கிறேன், அட்டமியில் அனுப்புகிறேன். கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை, அர்ச்சனை செய்யவில்லை, எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. உன் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று நீ நெஞ்சில் கை வைப்பாய், அதற்கும் காரணம் இருக்கிறது. சில்லுகளை நிலத்துக்குக் கீழே இருக்கும் காவுக்குள் இருந்து மேலே ஏற்றி மாடிப்படிக்குப் பக்கத்தில் அடுக்கினதற்கு இன்றைக்கு நம் கட்டடத்துக் காவல்காரி செசிலோடு ஒரு சண்டை. இது வீடா கராஜா என்று கத்தினாள், மகளுக்கு என்றேன், உடனே குரல் இறங்கி, மலைக்கா, அப்படியென்றால் பனிக்குச் சில்லில் சுற்றும் செயினும் கொடுத்துவிடு என்று எனக்கே புத்தி சொன்னாள். செயினும் வருகிறது.

வீட்டுச் செய்தி பெரிதாய் ஒன்றும் இல்லை. நான் வழமைபோல் லூர்துசாமி அண்ணையின் கடை வானை ஓடுகிறேன், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் வீதியைக் கிண்டி வைத்திருக்கிறார்கள், ஒரு சந்தியைத் தாண்ட அரை மணித்தியாலம். முழங்கால் கிளச்சை மிதிக்கும்போது நோகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு நவம்பர் என்றால் தேர்த் திருவிழா மாதிரித்தான், ஆர்ஜொந்தெயில் ழாக்கின் ரயர்க் கடையில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கார் வரிசையில் நிற்கிறதாம், விடிய ரயில் ஏறிப் போனால் கை கறுத்துத்தான் வருகிறார், சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார். அதனால்தான் அவர் உன்னிடம் நேரே வர முடியவில்லை, வர மனமில்லாமல் இல்லை. ஆனால் அந்த வேலைக்கு நடுவிலும் உன் சில்லுகளுக்கு அவர் பார்த்த பாட்டை நான் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். செப்தம்பரில் நீ வீடு வீடாய்ப் போய் ஊசி போடும் வேலையை எடுத்துவிட்டேன், மலைக் கிராமம் எல்லாம் என் பக்கம் என்று சிரித்துக்கொண்டு சொன்னாய் அல்லவா, அடுத்த நாளே உன் காரின் அளவை ழாக்கிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். ரயர் வந்ததும் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தார், அது எந்தக் கிழமை எந்த வருடம் செய்தது என்ற கணக்கு, இரண்டு ரயர் போன வருடத்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ழாக்குக்குச் சிரிப்பு, ஒரு வருடப் பழசு ஒன்றும் செய்யாது குகா என்றானாம். உன்ர மகளுக்கு எண்டால் பூட்டுவியோ என்று இவர் கேட்டதற்கு அவன் உடனே வேறு இரண்டு எடுப்பித்துக் கொடுத்தானாம்.

இப்போது பூட்டும் விசயத்தைக் கவனமாய் வாசி, இது அப்பா போன கிழமை சொல்லச் சொல்ல நான் துண்டில் எழுதி வைத்தது. ஒவ்வொரு ரயரின் பக்கத்திலும் மூன்று முனை மலையும் நடுவில் பனிப்பூவும் போட்ட அடையாளம் இருக்கும், பொலிஸ் மறித்தால் அதைத்தான் பார்ப்பார்கள், நவம்பர் முதலாம் திகதியில் இருந்து மார்ச் முடியும் வரைக்கும் உன் பக்கத்தில் அது வேண்டும் அல்லது செயின் வேண்டும் என்று உனக்கே தெரியும். அம்புக்குறியும் இருக்கும், சில்லு முன்னுக்கு உருளும் பக்கத்துக்கு அம்பு பார்க்க வேண்டும், மாறிப் பூட்டினால் தண்ணீரையும் சேற்றுப் பனியையும் வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும். அப்பா வெள்ளைச் சோக்கட்டியால் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று தமிழில் எழுதியிருக்கிறார், பிழைவிட வழியில்லை. காரை மட்டமான இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, ஜாக்கியால் தூக்க முன்னமே போல்ட்டுகளைக் கொஞ்சம் இளக்கு. பழைய சில்லைக் கழற்றினதும் உள்ளே துரு இருக்கும், சில்லோடு வரும் பையில் இருக்கும் கம்பித் தூரிகையால் அதை உரசு, உரசாமல் பூட்டினால் சில்லு சரியாய் அமராது. எண்ணெய், கிறீஸ் ஒன்றும் பூசாதே. போல்ட் இந்த இரும்பு றிம்மோடு வந்ததைத்தான் போடு, உன் காரில் இப்போது இருப்பது வேறு றிம்முக்கு உரியது. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரில் இருப்பது, சுற்றி வரப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்காதே. லூசியன் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துத் தருவார், அவருக்கு நாரிப்பிடிப்பு, குனியவிடாதே, இறுக்குவது நீயே செய். இரண்டை மாற்றிவிட்டு மற்ற இரண்டும் நாளைக்கு என்று விடாதே, நான்கும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். செயினை ஒருதரம் காய்ந்த நிலத்தில் போட்டுப் பழகு, பனியில் முழங்காலில் நின்று கையேடு வாசிக்க ஏலாது. கழற்றும் கோடைச் சில்லுகளை லூசியனிடம் கொடுத்துவிடு, பங்குனி முடிய அப்பா திருப்பி அனுப்புவார். காற்று எவ்வளவு என்று மட்டும் இதில் எழுதவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ தொலைபேசி எடுத்த நேரம் நான் மீன் வெட்டிக்கொண்டு நின்றதால் ஸ்பீக்கரில் போட்டேன், அப்பா மேசையில் இருந்தார், அது உனக்குத் தெரியாது. சில்லு லூசியனோடு வருகிறது என்று நான் சொன்னதும் நீ பிரெஞ்சில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு அப்பாவின் சில்லு வேண்டாம், பதினைந்து கேட்டால் பதினாலு தருகிற ஆள், என்னுடைய மணிக்கட்டு அதற்குச் சாட்சி, இங்கேயே கராஜில் பூட்டிக்கொள்கிறேன், டிசம்பர் ஒன்பதாம் திகதிதான் நேரம் கிடைத்தது, அது வரைக்கும் மெதுவாய் ஓடுவேன் என்றாய். பகிடியாய்த்தான் தொடங்கினாய், ஆனால் முடிக்கும்போது உன் குரல் பகிடி இல்லை. மற்ற எதற்கும் எட்டு வீட்டுக்குக் கேட்கக் கத்துகிற என் வாய் அதற்குத் திறக்கவில்லை. அப்பா எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு காவுக்குப் போனார். சோறு ஆறிக் கல்லாகியும் வரவில்லை என்று இறங்கிப் போய்ப் பார்த்தால், ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்துகொண்டு, அந்த நான்கு ரயருக்கும் ஏற்கெனவே மூன்று தரம் பார்த்த காற்றை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ரயரிலும் சோக்கால் ஒரு சாண் உயரத்தில் 15 என்று எழுதியிருக்கிறது. சாப்பிட வாங்கோ என்றேன். அவள் சொல்லுறது சரிதானேயப்பா, நம்பிக்கை இல்லாத சில்லைப் பூட்டிக்கொண்டு மலையில ஓடினால் பிரேக்கில கால் நடுங்கும், அது இன்னும் ஆபத்து, உதுகளை ழாக்கிட்டைத் திருப்பிக் குடுத்திடுறன் என்றார். அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாய் இருந்திருக்கும். வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது, பிள்ளை.

ஏன் என்று சொல்கிறேன். உன் அப்பா ஒருநாளும் பதினாலு கொண்டுவரவில்லை. 2010 கார்த்திகையில் லூர்துசாமி அண்ணை அப்பாவிடம் கடை வானுக்குக் குளிர்காலச் சில்லு நான்கு ஆயத்தம் செய்யச் சொன்னார், அப்பா செய்தார், நான்கும் பதினைந்து அங்குலம், வானுக்கு அச்சொட்டாய்ப் பொருந்துகிற அளவு. நவம்பர் இருபதாம் திகதி காவுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, இண்டைக்கே பூட்டுவமப்பா என்றார். நான்தான் விடவில்லை. அதற்கு ஐந்து நாளைக்கு முன் கரவெட்டியில் அப்பாவின் பெரியப்பா மோசம் போயிருந்தார், நமக்கு முப்பத்தொரு நாள் செத்தவீட்டுத் துடக்கு. துடக்கோடு புதுச் சில்லைப் பூட்டக்கூடாது, அந்தியேட்டிக் கிரியை முடியட்டும், கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து எலுமிச்சம்பழம் வைத்துப் பூட்டுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா கெஞ்சினார். பெரியப்பா செத்தது கரவெட்டியில, ரயர் செய்தது போலந்தில, ரெண்டுக்கும் என்னப்பா சொந்தம் என்று கேட்டார், பெரியப்பாவே ஒரு லொறிக்காரன், அவர் உயிரோட இருந்தால் உமக்கு ஏசிப்போட்டுப் பூட்டியிருப்பார் என்றார். நான் கேட்கவில்லை. வான் ஓடுறது நான், நீங்கள் இல்லை, பெர்மி எடுத்துப்போட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ என்று விட்டேன் ஒரு சொல். அவர் சாரதி அனுமதிக்கான எழுத்துச் சோதனையில் மூன்று தரம் தோற்றுப்போனது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையே எடுக்கவில்லை.

டிசம்பர் எட்டு, புதன்கிழமை, உனக்குப் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில் தனிய இராதே என்று நான்தான் உன்னை வானில் ஏற்றினேன். மத்தியானம் பனி தொடங்கி, நாம் ஆர்ஜொந்தெய்க்கு மேலே அந்த மேட்டுக்கு வரும்போது வீதி எது நடைபாதை எது என்று தெரியாமல் போய்விட்டது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டேன், தொட்டதுதான், வான் என் சொல் கேட்கவில்லை, சவர்க்காரத்தில் வழுக்குவதுபோல் குறுக்கே போய் மதிலில் உன் பக்கம் இடித்தது. நீ அம்மா என்றுகூடக் கத்தவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். உனக்குப் பதினாலு வயது. அந்தப் பார்வை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரி நடையில் லூர்துசாமி அண்ணை ஓடி வந்து, பிள்ளைக்கு எப்படி என்று கேட்ட அடுத்த மூச்சில், பனிச் சில்லு பூட்டேல்லையோ, குகதாசனிட்டைச் சொன்னனே என்றார். கடையில் ஆறு ஆண்கள், வான் ஓடுவது நான் ஒருத்தி, ஐந்தாம் தரத்தில் பெர்மி எடுத்தவள், பொம்பிளை ஓடினால் உப்பிடித்தான் என்று சொல்வதற்கு அவர்கள் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் தானாய்ச் சொன்னது, இவர் அளவு மாறிக் கொண்டந்திட்டார் அண்ணை, பூட்ட ஏலாமல் காவுக்கை கிடக்கு என்று. அப்பா அப்போதுதான் வேலை உடுப்போடு வந்து நின்றார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, ஓம் அண்ணை, என்ர பிழை, பதினைஞ்சு எண்டதைப் பதினாலு கொண்டந்திட்டன் என்றார். பொய் என்னுடையது, பிள்ளை, அதற்கு இலக்கம் போட்டுக் கொடுத்தது அவர். கதவு திறந்து கிடந்தது, நீ கட்டிலில் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய்.

வான் திருத்தி வந்த அன்றே அந்தச் சில்லுகளைப் பூட்டினோம், அவை எப்படித் திடீரென்று பொருந்தின என்று ஒருவரும் கேட்கவில்லை. துடக்கு முடியவில்லை என்று அன்றைக்கு நானும் வாய் திறக்கவில்லை. ஆனால் கதை மட்டும் லாச்சப்பல் முழுக்க ஓடியது. ரயர்க் கடையில் வேலை செய்துகொண்டு ரயர் அளவு தெரியாத ஆள் என்று ரூ பெர்தொனே தெருத் தேத்தண்ணிக் கடையில் அவருக்குப் பதினாலு என்று பேர் வைத்தார்கள். கலியாண வீட்டில், பிறந்தநாள் வீட்டில், பதினாலு வந்திட்டார், கதிரை போடு என்று சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். நீ வளர்ந்து நீயும் சொன்னாய், உன் தொலைபேசியில் அவர் பேருக்குப் பக்கத்தில் அந்த இலக்கத்தைப் போட்டு வைத்திருக்கிறாய், அவர் பார்த்திருக்கிறார். ழாக் ஒருவனுக்குத்தான் உண்மை தெரியும், அவன் கையால்தானே எடுத்துக் கொடுத்தது, அவனையும் வாய் திறக்காதே என்று அப்பா தடுத்துவிட்டார். ஏன் நீங்கள் மறுத்துச் சொல்லவில்லை என்று ஒரே ஒருதரம் கேட்டேன். பிள்ளைக்கு அம்மாவில நம்பிக்கை போகக்கூடாதப்பா, அவள் நாளைக்கும் உம்மோட வானில ஏறவேணும் என்றார். ஏறினாய்தானே, அடுத்த மாதமே ஏறினாய். என்னை நம்பி ஏறினாய், அவரை நம்பாமல் விட்டாய். பன்னிரண்டு வருடம் நான் அதைப் பார்த்துக்கொண்டு சோறு காய்ச்சினேன். குளிர் வந்தால் உன் வலது மணிக்கட்டு நோகும் என்று எனக்குத் தெரியும், அந்த நோவை இனி நீ என் பேரில் எழுது.

இன்றைக்கு மத்தியானம் கடையில் சாமான் ஏற்ற முன் லூர்துசாமி அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த ஆறு பேரில் நான்கு பேர் இன்னும் நிற்கிறார்கள், அவர்கள் முன்னாலேயே சொன்னேன். வேலையால் நிற்பாட்டுவதென்றால் நிற்பாட்டுங்கோ என்று வான் திறப்புக் கொத்தை மேசையில் வைத்தேன். அவர் திறப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் எல்லே அந்த மனுசனைப் பதினாலு எண்டு கூப்பிட்டனான், இனி எந்த முகத்தோட அவனிட்டைப் போறது என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். திறப்பை நானே எடுத்துக்கொண்டு போய் வேலையைப் பார்த்தேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது, நாளைக்குத் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் தெரிந்துவிடும், அதற்கு முன் நானே சொல்வேன், ஏச்சு வாங்க ஆயத்தமாய் இருக்கிறேன். சில்லுகளை ழாக்கிடம் திருப்பிக் கொடுக்க நான் விடவில்லை, லூசியனிடம் கொடுத்தாயிற்று, இனி பேசிப் பயனில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உன் பக்கத்தில் பனி என்று செய்தியில் சொல்கிறார்கள். ஒன்பதாம் திகதி வரை மெதுவாய் ஓடுவேன் என்ற கதையை விடு, நானும் அன்றைக்கு மெதுவாய்த்தான் ஓடினேன். நாள் பார்க்காதே, இராகு காலம் பார்க்காதே, லூசியன் இறக்கின கையோடு பூட்டு. அந்தப் பையில் ஒரு சின்னத் துண்டுக்குள் திருநீறு இருக்கிறது, அது உன் நெற்றிக்கு, சில்லுக்கு இல்லை. என்னோடு கோபித்தால் கோபி, உனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் கோபத்தில் சாப்பிடாமல் விடாதே, கோபத்தில் கார் ஓடாதே. அப்பாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் அந்தரப்பட்டு, இந்தா அம்மாவோட கதைச்சுக்கொள் என்று தொலைபேசியை என்னிடம் நீட்டிவிடுவார், உனக்குத் தெரியும்தானே அவரை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நான்கு சில்லையும் பூட்டி முடித்துவிட்டு, வியாழன் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, அவர் வேலையால் வந்து கை கழுவியிருப்பார், அவருடைய இலக்கத்துக்கு எடுத்து, அப்பா, காற்று எவ்வளவு அடிக்கிறது என்று கேள். தமிழில் கேள். கதவில் ஒட்டியிருக்கிற தாளில் போட்டிருக்கும், எனக்கும் தெரியும், இருந்தாலும் அவரிடம் கேள். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, குளிருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அவர் அரை மணித்தியாலம் சொல்லுவார், இடையில் வெட்டாதே.

பிள்ளையாரும் நல்லூர்க் கந்தனும் உன் முன்னும் பின்னும் நின்று காக்கட்டும், நீ கை வைக்கிற நோயாளிகள் எல்லாம் சுகப்படட்டும், நீ நன்றாய் இரு. ஐம்பது கிலோமீற்றர் ஓடின பிறகு காரை ஓரமாய் நிறுத்தி எல்லாப் போல்ட்டையும் மறுபடி ஒருதரம் இறுக்கிப் பார், இறுக்கமாய்த்தான் இருக்கும் என்று விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் மணிக்கட்டை உடைத்த
அம்மா புனிதவதி